மித்தியில் தண்ணீர் எப்போது ஏறும்?

சங்க மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று ஆசிரியர் குழு நண்பர்கள் கேட்டபோது, தாமிரபரணியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவனுக்கு ஆறு என்றால் அதுதானே! ஆனால் அறுபது ஆண்டுகளாக நான் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்து வரும் ஆறு வேறு. அதை நம்மில் யாரும் ஆறு என்று சொல்வதுகூட இல்லை. தாராவியில் 'காடி' என்போம். குர்லாவில் 'நாலா' என்போம். பாலத்தைக் கடக்கும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். மித்தி என்பது அதன் பெயர். அதைப் பற்றி எழுத வைத்தது நான் செய்த ஒரு தவறு. எனவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. முந்தின நாளிலிருந்து விடாத மழை. காலையில் குர்லாவிலிருந்து என் அக்கா போன் செய்தாள். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மித்தியிலிருந்து இரண்டு சந்து தள்ளி, தரையோடு தரையாக ஒரு கோலி. மகன், மருமகள், பேத்தியோடு அதில்தான் வாசம்.

"தம்பி, சாமானைத் தூக்கி மாளாவுல வைக்கவா? தண்ணி வருமா, வராதா?"

எங்கள் குடும்பத்தில் தண்ணீர் விஷயத்துக்கு நான்தான் பஞ்சாங்கம். 2005 வெள்ளத்தில் பட்டுத் தெளிந்த பிறகு, கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டவன். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பெரிய ஹை டைட் கிடையாது. "பயப்படாத அக்கா. கடல் தாழ்ந்துதான் கெடக்கு. வர்ற தண்ணி ஓடிரும். நீ மாடி ஏறி இடுப்பை ஒடிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, காப்பி குடிக்க உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரத்தில் அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அக்காவையும் பேத்தியையும் பக்கத்துக் கட்டிடத்து மாடிப்படியில் ஏற்றி உட்கார வைத்தான் மகன். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி முழுகிப் போனது. அதில்தான் பழைய ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், மறைந்த அத்தானின் மில் அடையாள அட்டை எல்லாம் இருந்தன. மும்பையில் குடிசைப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்தக் காகிதங்கள் எப்படிப்பட்டவை என்பதை இந்த மலரின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பே அந்த இடத்தில் இருந்தோம் என்று காட்டினால்தான், நாளைக்குக் கட்டிடம் எழும்பும்போது இலவச வீடு என்ற பேச்சே வரும். ஐம்பது ஆண்டு வாழ்க்கைக்குச் சாட்சி அந்தப் பெட்டி. அதைக் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று சொன்னவன் நான்.

அன்று மித்தியின் மட்டம் 3.9 மீட்டரைத் தொட்டது. கிராந்தி நகரில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தி மாநகராட்சிப் பள்ளியில் தங்க வைத்தார்கள். மத்திய ரயில் பாதையில் தண்டவாளங்கள் முழுகி வண்டிகள் நின்றன. கடல் தாழ்ந்திருந்தது உண்மைதான். நான் பார்க்காமல் விட்டது ஆற்றின் மறுமுனையை.

ஆற்றின் தலைமாடு

மித்தி மிகச் சின்ன ஆறு. மொத்த நீளமே 17.8 கிலோமீட்டர்தான். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைச்சரிவில் இருக்கிற விஹார் ஏரியும், அதற்குக் கீழே உள்ள பவாய் ஏரியும் நிரம்பி வழிந்தால் அந்த வழிசல்தான் மித்தி. அங்கிருந்து மரோல், சாக்கி நாக்கா வழியாக இறங்கி, விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, குர்லாவுக்கும் கலினாவுக்கும் இடையே வந்து, வாக்கோலா நாலாவைச் சேர்த்துக்கொண்டு, பாந்திரா–குர்லா வளாகத்தைச் சுற்றி, தாராவியை உரசி, மாஹிம் வளைகுடாவில் கடலோடு கலக்கிறது.

விஹார் இயற்கை ஏரி அல்ல. பம்பாயின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க ஹென்றி கானிபியர் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் வகுத்த திட்டம் அது. 1856-இல் வேலை தொடங்கி 1860-இல் முடிந்தது. இந்த நகரத்துக்குக் குழாய் வழியே வந்த முதல் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. அதாவது, ஆற்றின் தலையில் அணையைக் கட்டி அதன் நல்ல தண்ணீரை நாம் குடிக்க எடுத்துக்கொண்டோம். பிறகு பவாயும் 1890-களில் சேர்ந்தது. அதன் தண்ணீர் குடிக்க உதவாது என்று ஆகி, தொழிற்சாலைகளுக்கும் ஆரே காலனிக்கும் போயிற்று.

அப்படியானால் மழை இல்லாத மாதங்களில் மித்தியில் ஓடுவது என்ன? நீங்களும் நானும் அனுப்புவதுதான். கக்கூஸ் தண்ணீர், பட்டறைத் தண்ணீர், எண்ணெய் பீப்பாய் கழுவிய தண்ணீர். 'மிட்டீ' என்றால் இனிப்பு என்பது நமக்குத் தெரியும். பெயர் வைத்த காலத்தில் இனித்திருக்க வேண்டும். தமிழில் எழுதும்போது இன்னொரு வேடிக்கை: இந்திக்காரர் சொல்லும் இனிப்பும் மண்ணும் நம் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. இப்போதைக்கு அந்த இரண்டாவது பொருள்தான் பொருத்தம்.

இனி நான் தவறவிட்ட கணக்குக்கு வருகிறேன். பவாய் சின்ன ஏரி, 545 கோடி லிட்டர்தான் பிடிக்கும். அதனால் முதல் மழையிலேயே வழிந்துவிடும். 2025-இல் ஜூன் 18-ஆம் தேதியே வழிந்தது. விஹார் அப்படியல்ல. அது சுமார் 2,770 கோடி லிட்டர் பிடிக்கும் பெரிய அண்டா. அது நிரம்பும் வரை மலையில் பெய்கிற மழையை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆற்றுக்கு விடாது. நிரம்பிவிட்டாலோ, வந்த தண்ணீர் வந்தபடியே கீழே போக வேண்டியதுதான். எனவே ஜூனில் பெய்யும் பத்து அங்குல மழையும் ஆகஸ்டில் பெய்யும் பத்து அங்குல மழையும் குர்லாவுக்கு ஒன்றல்ல.

விஹார் வழிந்தது 2025 ஆகஸ்ட் 18. அக்கா போன் செய்ததற்கு முந்தின நாள்! செய்தியில் சொன்னார்கள், நானும் கேட்டேன். "நல்லது, இந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை" என்று மனைவியிடம் சொல்லி மகிழ்ந்தேன். அந்த ஏரிக்கும் அக்காவின் கட்டிலுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

எல்லாப் பழியையும் விஹார் மேல் போடுவதும் சரியல்ல. சாந்தாகுருஸில் மட்டும் அந்த 24 மணி நேரத்தில் 238 மில்லிமீட்டர் கொட்டியது. மித்திக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பு 7,295 ஹெக்டேர். அதன் கீழ்ப்பகுதி முழுவதும் சிமெண்டும் தகரமும்தான். மண்ணுக்குள் இறங்க வழியில்லாத மழை முழுவதும் சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். தாமிரபரணியில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கீழே இருக்கிற ஊர்களுக்குத் தண்டோரா போட நேரம் கிடைக்கும். மித்தியில் அந்த அவகாசம் கிடையாது.

ஆற்றின் கால்மாடு

கடலைப் பற்றி நான் கற்ற பாடம் 2005 ஜூலை 26-இல். அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. கொலாபாவில் சுமார் 74 மில்லிமீட்டர்தான்! தெற்கு மும்பையில் இருந்தவர்களுக்கு வடக்கே உலகம் முழுகுவது தெரியாது. அப்போது நான் பாந்திரா–குர்லா வளாகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மின்சாரம் போயிற்று, போன் போயிற்று. இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆறு எது, சாலை எது என்று தெரியவில்லை. ஒரு நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் மிதந்து வந்து எங்கள் எதிரே அப்படியே நின்றது. அரை மணி, ஒரு மணி, இன்னும் அதிக நேரம். மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. இவ்வளவு தண்ணீர் ஏன் ஓடாமல் நிற்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் இருட்டில் ஒரு சலசலப்புக் கேட்டது. நின்ற தண்ணீர் மாஹிம் பக்கம் நகரத் தொடங்கிய சத்தம் அது.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று மாலை நாலு மணி வாக்கில் 4.48 மீட்டர் உயர ஓதம். கடல் ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் மேலிருந்து பேய்மழை இறங்கியது. மும்பையின் மழைநீர் வடிகால்கள் கடலில் சேரும் வாய்கள் 186. அவற்றில் உச்ச ஓதத்துக்கு மேலே இருப்பவை ஆறே ஆறு. மற்றவற்றில் ஓதம் ஏறும் நேரத்தில் தண்ணீர் வெளியே போகாது. கதவு இல்லையென்றால் கடல் உள்ளே வரும்.

இதில் நம் வீட்டுப் பெண்களுக்கு உதவக்கூடிய ஒரு செய்தி உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். மும்பைக் கரையில் அந்த நாட்களின் பெரிய ஓதம் ஏறக்குறைய நண்பகலிலும் நள்ளிரவிலும் வரும். பிறகு நாளுக்கு ஐம்பது நிமிடம் வீதம் தள்ளிப் போகும். விரதத்துக்காகப் பார்க்கும் காலண்டரே இதற்கும் போதும். அட்டவணை தேட வேண்டியதில்லை.

மறுநாள் காலை சயான் பக்கம் நடந்து வந்தேன். செத்த எருமைகள் சாலையோரம் உப்பிக் கிடந்தன. தாராவியில் முன்பின் தெரியாத ஓர் ஆச்சி என்னைப் பார்த்து, "எந்த ஊரு ஐயா, வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டு, சுக்குக் காப்பி தந்தார். தம் வீட்டுச் சாமான் முழுவதும் வாசலில் ஈரமாகக் குவிந்திருக்க, நின்றபடியே காப்பி தந்தவர் அவர். மாநிலம் முழுவதும் அந்த வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

நாம் எப்படி இங்கே வந்தோம்

தாராவிக்கு நம்மை அழைத்து வந்ததே இந்தக் காடிதான் என்று என் தகப்பனார் சொல்லுவார். அவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அப்போது ஆடு மாடு வெட்டும் தொட்டி காடிக்கு அக்கரையில், பாந்திராவில் இருந்தது. பச்சைத் தோல் அங்கிருந்து வரும். பதனிட்ட கழிவு நீரைக் காடி வாங்கிக்கொள்ளும். நாற்றம் பிடித்த தொழிலை நகரம் தன் எல்லைக்கு வெளியே தள்ளி வைக்க விரும்பியது. அந்த வெளி தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம் தோல் வியாபாரிகளும், அவர்களிடம் வேலை பார்க்க நம் உழைப்பாளி மக்களும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் கோலி மீனவர்கள். காடியில் மீன் பிடித்து அவர்கள் பிழைத்தார்கள். தாராவி பஸ் டெப்போ அருகே வீடுகளுக்கு நடுவே கறுத்துப்போய் நிற்கிறதே காலா கில்லா, அந்தச் சின்னக் கோட்டையில் 1737 என்று கல்லில் பொறித்திருக்கிறது. காடியைக் காவல் காக்கக் கட்டியது. இன்று அதன் மேல் ஏறினால் காடி தெரியாது. குடிசைக் கூரைதான் தெரியும்.

வெட்டும் தொட்டி 1971-இல் தேவ்னாருக்குப் போயிற்று. தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான் சிறுவனாக இருந்தபோது சேறும் கண்டல் செடியுமாக இருந்த இடங்கள் குப்பையாலும் மண்ணாலும் நிரம்பின. அக்கரையில் அரசே சதுப்பு நிலத்தை மேடாக்கி பாந்திரா–குர்லா வளாகத்தை எழுப்பியது. மேலே விமான நிலையத்தை விரிவாக்க ஆற்றை முழங்கை போல் மடக்கித் திருப்பினார்கள். சாக்கி நாக்காவிலும் குர்லாவிலும் கரையை ஒட்டிப் பட்டறைகள், கோடவுன்கள், குடிசைகள். அந்தப் பட்டறைக்காரர்களில், குடிசைக்காரர்களில் நம்மவர்களும் உண்டு. பூசி மெழுகுவதில் பயனில்லை. ஆனால் ஏழை கரையில் தகரம் அடித்தால் ஆக்கிரமிப்பு, பணக்காரர் சதுப்பில் கண்ணாடி மாளிகை கட்டினால் வளர்ச்சி என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ஓதம் வந்தால் பரந்து படுக்க ஆற்றுக்கு இருந்த பாயை இருவரும் சேர்ந்துதான் சுருட்டினோம்.

2005-க்குப் பிறகு மாதவ் சிதலே தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. மித்திக்கென்று தனி ஆணையம் ஏற்பட்டது. 11.84 கிலோமீட்டர் மாநகராட்சிக்கு, மீதி சுமார் 6 கிலோமீட்டர் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கு என்று ஆற்றைப் பங்கு பிரித்தார்கள். அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், கரைச்சுவர் எழுப்பினார்கள். இதனால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2005 அளவு துயரம் பிறகு வரவில்லை. அந்த அளவு மழையும் வரவில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன் சேறு அள்ளுகிறார்கள். அந்தச் சேற்றிலும் கை வைத்தார்கள் என்று 2025 மே மாதம் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு 13 பேர் மீது வழக்குப் பதிவு செய்தது. ரூ. 65 கோடி மோசடி என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு நீதிமன்றம் சொல்லட்டும். அக்காவின் மகன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "மாமா, லாரியில சேறு போறதைப் பார்த்தேன். எத்தனை லாரின்னு எண்ணவா முடியும்?"

மாட்டுங்கா, செம்பூர் வாசகர்கள் இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் தண்ணீர் மித்தியின் தண்ணீர் அல்ல என்பது சரிதான். செம்பூர் வடிகால்கள் மாஹுல் ஓடை வழியே வேறு பக்கம் கடலுக்குப் போகின்றன. ஆனால் மித்தி பொங்கினால் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே ரயில் நிற்கும். ரயில் நின்றால் பிள்ளைகள் வீடு திரும்புவது எப்படி? நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும், இட்லி மாவு கொண்டு வரும் தம்பியும் எங்கிருந்து வருகிறார்கள்?

ஆற்றைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்ட விரும்புகிறவர்கள் தாராவியில் உள்ள மகாராஷ்டிரா நேச்சர் பார்க்குக்குப் போகலாம். நான் சிறுவனாக இருந்தபோது அது ஊர்க் குப்பை கொட்டும் மேடு. அந்தக் குப்பை மேல் மண் பரப்பி, மரம் நட்டு, 1994-இல் 37 ஏக்கர் காடாகத் திறந்தார்கள். உள்ளே நுழைந்தால் பறவைச் சத்தம். பின்புறம் மித்தி, கண்டல் மரங்கள். ஓதம் ஏறும் நேரத்தில் போனால் தண்ணீர் பின்னோக்கி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். என் பேரனை அழைத்துப் போனேன். "தாத்தா, இது ரிவர்ஸ்ல போகுது" என்றான். அவன் ஐந்து நிமிடத்தில் கண்டதை நான் ஐம்பது வயதுக்கு அருகில்தான் கண்டேன்.

இப்போது எங்கள் வீட்டுப் பழக்கம் மாறியிருக்கிறது. ஜூலை பிறந்தால் விஹார் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மாநகராட்சி தரும் ஏரிக் கணக்கில் பார்க்கிறேன். அது வழிந்துவிட்டது என்று செய்தி வந்தால், மழைக்காலம் முடியும் வரை அமாவாசை பார்ப்பதில்லை. பெருமழை எச்சரிக்கை வந்தாலே சாமான் மேலே. விஹார் நிரம்பாத நாளாக இருந்தால், மழையும் நண்பகல் ஓதமும் சேருகிறதா என்று பார்ப்பது. கிராந்தி நகரில் ஆட்களை எழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டால் கணக்கெல்லாம் பார்க்காமல் கிளம்ப வேண்டியதுதான். மாநகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916. அதை அக்கா வீட்டுச் சுவரில் பெரிதாகச் சாயத்தில் எழுதிக் கொடுத்தேன். காகிதத்தில் எழுதி ஒட்டினால் அதுவும் நனைந்துவிடுமே!

ரேஷன் கார்டை வெயிலில் காய வைத்து ஒருவாறு எடுத்துவிட்டோம். எழுத்து தெரிகிறது. போட்டோ பாஸில் படம் கரைந்து போய்விட்டது. மாற்றுப் பிரதிக்காகப் போலீசில் எழுதிக் கொடுத்து, பத்திரம் வாங்கி, மருமகனோடு நான் ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு காகிதம் கேட்டார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நீ என்ன செய்வ தம்பி, கடலைத்தானே பார்த்த" என்றாள். அது திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது.

டிரங்குப் பெட்டி இப்போது மாளாவில், கூரைத் தகரத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கிறது. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்க மற்ற எல்லாச் சாமானையும் இறக்கினார்கள். அதை மட்டும் அக்கா இறக்க விடவில்லை; அதைச் சுற்றியே அடித்துவிட்டுப் போனார் பெயிண்டர்.